ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு

என் கணவர் ஆறடி உயரம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தடி பதினொன்றரை அங்குலம். என் கையால், என் டேப்பால், நான் அளந்தது. ஐம்பத்திரண்டு வருடமாக அந்த மனிதர் அந்த அரை அங்குலத்தைத் தன் சொத்து மாதிரி வைத்துக்கொண்டு திரிகிறார். போகிற இடமெல்லாம் ஆறடி. வேலை விண்ணப்பத்தில் ஆறடி. மருத்துவமனைச் சீட்டில் ஆறடி. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம்கூட மாப்பிள்ளை ஆறடி என்றுதான் அவர் வீட்டார் பீற்றிக்கொண்டார்கள்.

நான் சீருடைக் கடையில் தையல் வேலை பார்த்தவள். நாற்பத்தொரு வருடம். கழுத்தில் தாலி இல்லாமல்கூட வெளியே போயிருக்கிறேன், டேப் இல்லாமல் போனதில்லை. அவர் மின்கம்பம் ஏறுகிறவர். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாக வரும் வேலைத்துணி தைக்க எங்கள் கடைக்கு வந்தார். அந்த உடுப்புக்கு ஆளின் முழு உயரம் வேண்டும்.

"அளக்கவே வேண்டாம். ஆறடி," என்றார்.

"கையை நீட்டுங்க, சார்," என்றேன். எங்கள் கடையில் கையில் தொடங்கித்தான் உயரத்துக்குப் போவோம். எவர் என்ன சொன்னாலும் டேப் சொல்வதைத்தான் எழுதுவோம். எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டைதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நடுவில் கல்யாணமும் ஆகிவிட்டது.

அவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். நான் ஒட்டடைக்குச்சி என்பேன். அவர் என்னைப் பூசணி என்பார். எண்பத்தொரு வயதிலும் அந்த வாய் குறையவில்லை. இடுப்பு ஒடிந்து, ஒட்டவைத்து, வீட்டுப் படிகளில் ஏற முடியாமல் போனபோதுதான் இரண்டு பேரும் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தோம். லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் இரண்டாவது மாடி, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் பக்கக் கட்டில் யாருக்கு என்பதில் ஆரம்பித்தோம். அவருக்குத்தான் கிடைத்தது. உயரமானவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமாம்.

இந்த இல்லத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு மூடி உண்டு. மூன்று நிறம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை வரிசையாக உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை இன்னொரு முறை உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். பிஎம்ஐ. இருபதுக்குக் கீழே என்றால் சிவப்பு மூடி. காலையில் ஒரு முட்டை கூடுதல், ரொட்டிக்கு இரட்டை வெண்ணெய், பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சத்துமாவு கலந்த கெட்டிப் பால். இருபதிலிருந்து இருபத்தேழு வரை பச்சை மூடி, கூடுதலும் குறைவும் இல்லாத சாதாரணச் சாப்பாடு. அதற்கும் மேலே போனால் மஞ்சள் மூடி. அதைத் திறந்து பார்த்தால் அழுகை வரும்.

எனக்கு முப்பது. மஞ்சள். தேநீரில் சர்க்கரை இல்லை, ரொட்டியில் வெண்ணெய் இல்லை. எழுபத்தாறு வயதில் நான் இளைத்து எந்த ஊர் அழகிப் போட்டிக்குப் போகப்போகிறேன்? கேட்டேன். சிரித்தார்களே ஒழிய வெண்ணெய் தரவில்லை.

அவருக்குச் சிவப்பு. பதினெட்டு புள்ளி இரண்டு. அறுபத்தோரு கிலோ, ஆறடி. எடை பார்க்கும் வேலையில் முன்பிருந்த அம்மாள் யாரையும் சுவரோடு நிறுத்தி அளந்ததில்லை. அவரவர் சொன்ன உயரத்தை எழுதிக்கொண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நாலு மணிக்குக் கெட்டிப் பால் வரும். இந்த மனிதர் அதை என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து உறிஞ்சுவார். சாக்கடையில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். கடைசியில் விரலை விட்டு வழித்து நக்கிவிட்டு, "என்ன பூசணி, டம்ளரைக் கழுவித் தரவா, மோந்து பார்க்கிறியா?" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதிதாக ஊட்டச்சத்து அலுவலர் ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். தலைமுடியை இழுத்துக் கட்டி, ஒரு தட்டைக் கணினியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பாள். வந்த முதல் வாரமே அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டோம். மரியாதைக்குக் குறைவில்லை. ஐயா என்பாள், அம்மா என்பாள். ஆனால் கண் மட்டும் எண்ணை விட்டு மேலே ஏறாது.

அவள் வந்த பிறகு முதல் எடைநாள். கூடத்தில் முப்பது பேர். என் கணவர் நாற்காலித் தராசில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அறுபத்தொண்ணு. உயரம் எவ்வளவுங்க ஐயா?"

"ஆறடி. எழுதிக்கோம்மா. ஒரு காலத்துல ஏணியே இல்லாம பல்பு மாத்தினவன்."

அன்று காலையில்தான் என் தேநீரைக் குடித்துப் பார்த்துவிட்டு "கழுவின தண்ணியா?" என்று கேட்டிருந்தார். நான் எழுந்தேன்.

"ஆறடியாவது மண்ணாங்கட்டியாவது! அம்பது வருஷமா இதே பொய். நிக்கவெச்சு அளந்து பாரும்மா."

நான் கேட்டது அரை அங்குலம். அவ்வளவுதான். முப்பது பேர் முன்னால் அந்த அரை அங்குலம் வெளியே வரவேண்டும், அந்த மூஞ்சி சுருங்குவதை ஒரு முறை நான் பார்க்கவேண்டும்.

தராசு அவரைச் சுவர் அளவுகோலின் கீழே நிறுத்தினாள். குதிகால் ஒட்டியது, பின்பக்கம் ஒட்டியது. முதுகு ஒட்டவில்லை, தலை சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவள் பலகையை இறக்கினாள்.

"நூத்தி அறுபத்தெட்டு சென்டிமீட்டர்," என்று சத்தமாகப் படித்தாள். "அஞ்சடி ஆறு அங்குலம்."

கூடமே கொல்லென்று சிரித்தது. "நெட்டைக்கு இனிமே குட்டைன்னு பேர் வெக்கணும்பா!" என்றார் எதிர் அறைக்காரர். அரை அங்குலம் கேட்ட எனக்கு ஆறு அங்குலம் கொடுத்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்லமாட்டேன், நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தேன்.

மறுநாள் காலை அவர் தட்டு பச்சை மூடியோடு வந்தது. முட்டை ஒன்றுதான். பத்து மணிக்குப் பால் வரவில்லை. சமையல்கட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க எண் இருபத்தொண்ணு புள்ளி ஆறுங்க. நீங்க இப்ப நார்மல்," என்றார் அந்த ஆள், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வைவார் என்று காத்திருந்தேன். பதிலுக்குச் சொல்ல நாலைந்து வார்த்தைகளைத் தயாராகவும் வைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதோடு சரி. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது என்றுகூட நினைத்தேன். இரண்டாவது வாரம் அவர் சாப்பிடச் சாப்பிடவே தூங்கினார். வாயில் ரொட்டியோடு. பல் பாதி இல்லை, மெல்ல நேரமாகும். தட்டு எடுக்க வருகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. பாலைத்தான் மெல்லாமல் குடிக்க முடியும், அதுவும் நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் கட்டிலிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையாலும் ஊன்றவேண்டியிருந்தது. குதிகாலில் இருந்த சின்னப் புண் ஆறாமல் வாய் திறந்துகொண்டே இருந்தது. நான் என் முட்டையை அவர் தட்டில் வைத்தேன். அவர் ஸ்பூனால் அதை என் பக்கமே தள்ளிவிட்டார். எதிர் அறைக்காரரிடம் கெஞ்சி அவருடைய வெண்ணெயை வாங்கித் தடவிக் கொடுத்தேன். அந்த ரொட்டியை மட்டும் விட்டுவிட்டு எழுந்தார். பிடிவாதத்துக்குப் பிறந்தவர்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இந்த மனிதரைத் திட்டித் திட்டியே காலத்தை ஓட்டியவள் நான். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வேன்?

ஐந்து வாரம் கழித்து அடுத்த எடைநாள். நாற்காலியில் அவரை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள்.

"அம்பத்தேழரை. இருபது புள்ளி நாலு. பச்சைதான்," என்றாள் தராசு.

"ஏம்மா, மூணரைக் கிலோ போயிருக்கு!"

"பார்த்தேன்மா. ஆனா இன்னும் நார்மல்லதான் இருக்கார். இருபதுக்குக் கீழ போனா உடனே மாத்திடுவோம்."

"அப்ப கீழ போறவரைக்கும் வேடிக்கை பார்ப்பியா?"

"அடுத்தவங்க வாங்க," என்றாள்.

அறைக்கு வந்தேன். ஆத்திரம் வந்தால் தைப்பேன், அது எனக்கு மருந்து. அவருடைய கால்சட்டை ஒன்றை எடுத்தேன். மூன்றாவது வாரம்தான் இடுப்பில் ஒரு அங்குலம் பிடித்திருந்தேன். இப்போது அதுவும் இறங்கி இறங்கி விழுகிறது. இன்னும் ஒன்றே கால் அங்குலம் பிடிக்க ஊசி குத்தினேன். அப்படியே பழக்கத்தில் கால் மடிப்பைப் பார்த்தேன். நான் கடையில் இருந்தபோது தைத்த கால்சட்டை அது. மடிப்பை நான் ஒருநாளும் ஏற்றியதில்லை. ஏற்றவேண்டிய தேவையே வரவில்லை. இன்று காலையிலும் அது செருப்பின் மேல் வந்து நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றது.

ஆறு அங்குலம் குட்டையான ஆளுக்குக் கால்சட்டை தரையில் அல்லவா புரளவேண்டும்?

ஊசியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். சட்டை முதுகில் ஏறிக் கிடந்தது, இடுப்பு தெரிந்தது. கூன் விழுந்த வாடிக்கையாளருக்குப் பின்பக்கம் துணி கூடுதலாக விட்டு வெட்டவேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வளைந்த முதுகின்மேல் டேப்பைப் படுக்கவைத்து அளந்தால் அளவு குறையாது, நேர்கோட்டில் பார்த்தால்தான் குறையும். இந்த மனிதர் எங்கேயும் சுருங்கிப் போகவில்லை. மடிந்திருக்கிறார். ஆறடி ஆளுக்கு உரிய எலும்பும் சதையும் தோலும் அப்படியே உள்ளே இருக்கின்றன, அத்தனைக்கும் சோறு வேண்டும். அளவெடுத்தே பிழைத்தவள், சுவரில் அடித்த ஒரு கோலை நம்பி என் புருஷன் சோற்றில் கைவைத்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் தராசை அடிக்கலாம் என்று கீழே போனேன்.

அவள் அறையில் கதவைத் தட்டவில்லை. "அவர் உயரத்தைத் தப்பா எழுதியிருக்க. மாத்து."

"அம்மா, நானே அளந்தேன். நீங்கதானே அவர் பொய் சொல்றார்னு சொன்னீங்க? எல்லார் முன்னாடியும்?"

அவள் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம் அதிகம்.

"நான் சொன்னது அரை அங்குலத்துக்கு. நீ ஆறு அங்குலத்தை முழுங்கிட்ட. முதுகு வளைஞ்ச ஆளைச் சுவத்துல சாத்தி அளந்தா அது உயரமா? வளைஞ்ச கம்பியைத் தரையில நிறுத்திவெச்சு, இது குட்டைக் கம்பின்னு எழுதுவியா? உயரத்தைக் குறைச்சா உன் எண் தானா ஏறும். அவர் இளைக்க இளைக்க நீ நார்மல் நார்மல்னு எழுதிட்டே இருப்ப. செத்த அன்னைக்கும் பச்சை மூடி போட்டுத்தான் அனுப்புவ!"

அவள் முகம் சிவந்தது. கணினியை என் பக்கம் திருப்பினாள். "எனக்கு விதி இருக்கும்மா. பாருங்க. நிற்கக்கூடியவங்களுக்குச் சுவர் அளவுகோல். நிற்க முடியாதவங்களுக்குக் கை நீளத்தை வெச்சு உயரம். ஐயா நிக்கிறாரே."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவசரப்படவில்லை. அளவுப் புத்தகம் படித்தே வளர்ந்த கண்.

"'நிமிர்ந்து நிற்க முடியாதவர்களுக்கு'ன்னு போட்டிருக்கு. நிமிர்ந்து. நீ அந்த ஒரு வார்த்தையை விட்டுட்ட. எங்க கடையில ஒரு வார்த்தையை விட்டா அந்தத் துணிக்குக் கூலி கிடையாது."

அவள் அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கணினியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். படியேறும்போது, "இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். அவளை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன். அதுவும் உண்மையாக இருந்ததால் விட்டேன்.

அவர் அப்படியே ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஐயா, கையை ஒரு தடவை நீட்டுங்க. அளவெடுக்கணும்," என்றாள் தராசு.

அசையவில்லை. கை நெஞ்சோடு மடிந்து, விரல்கள் மூடியிருந்தன. ஒரு தடவை அளவுக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு அவர் பட்டது போதும். அவள் என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஐம்பத்திரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பழகவே இல்லை. கழுத்திலிருந்து டேப்பை உருவினேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

"கையை நீட்டுங்க, சார்," என்றேன்.

கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்தார். பிறகு மெல்ல மல்லாந்து படுத்து, அந்தக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். எலும்பும் நரம்புமாக நீண்டுகொண்டே போய்க் கட்டிலுக்கு வெளியே வந்து நின்றது. கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறிய கை. அதற்கு மட்டும் கூன் விழவே இல்லை.

தொண்டைக்குழியில் டேப்பின் முனையை வைத்தேன். நடுவிரல் நுனி வரை இழுத்தேன். அவர் தொண்டை என் கட்டைவிரலுக்குக் கீழே ஏறி இறங்கியது. முப்பத்தைந்தே முக்கால் அங்குலம். படுத்தே கிடக்கும் வாடிக்கையாளருக்கு எங்கள் கடையில் இதுதான் கணக்கு, இரண்டால் பெருக்கினால் ஆள் உயரம்.

எழுபத்தொன்றரை அங்குலம். நான் முதல் நாள் எழுதிய அதே எண். ஒரு நூல்கூட மாறவில்லை.

"எவ்வளவும்மா எழுதட்டும்?" என்றாள் தராசு, விரலைக் கணினியில் வைத்துக்கொண்டு.

ஐம்பத்திரண்டு வருடச் சண்டையில் இதோ நான் ஜெயித்துவிட்டேன். சாட்சியும் இருக்கிறது. டேப் என் கையில் இருக்கிறது. நான் அவர் விலா எலும்புகளைப் பார்த்தேன்.

"ஆறடின்னு எழுது," என்றேன். "முழுசா ஆறடி."

"ஏய்."

ஐந்து வாரத்தில் முதல் சத்தம். குரல் உடைந்திருந்தது, ஆனால் அந்தத் திமிர் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்.

"அஞ்சடி பதினொண்ணரை, எழுதிக்கோம்மா. இவளுக்கு டேப் பார்க்கவே தெரியாது. எத்தனை பேர் துணியைக் கெடுத்தாளோ."

தராசு எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு எதையோ எழுதினாள். பதினேழு புள்ளி நாலு என்று வந்தது. டேப்பைச் சுருட்டினேன். கண் மங்கலாக இருந்ததால் இரண்டு முறை தப்பாகச் சுற்றி மறுபடியும் பிரிக்கவேண்டி வந்தது.

நாலு மணிக்குக் கெட்டிப் பால் வந்தது. அவரை எழுப்பி உட்காரவைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே, சாக்கடையில் தண்ணீர் இறங்குகிற அதே சத்தத்தோடு உறிஞ்சினார். அருவருப்பான சத்தம். கடைசிச் சொட்டு வரை உட்கார்ந்து கேட்டேன்.